கோடை லீவுல வீட்டிலயே பிள்ளைங்க படிப்பு: பெத்தவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

முழு ஆண்டுப் பரீட்சை முடியற வாரம் ஸ்கூல் கேட்டுல நிக்கற அம்மாக்கள், கொஞ்சம் அப்பாக்கள், நிறைய பாட்டிங்க கேக்கற கேள்விகளத்தான் இங்க சேர்த்து வச்சிருக்கேன். நான் சின்னப் பசங்களுக்குப் பாடம் எடுக்கற டீச்சர், அதனால ஒண்ணாவதுலேருந்து எட்டாவது வரைக்கும்தான் பேசறேன், பத்தாவது பன்னெண்டாவது சமாச்சாரம் தனி, அதுல நான் தலையிடல.

லீவு விட்டா படிச்சதெல்லாம் மறந்துடும்னு சொல்றாங்களே, நிஜமா?

கொஞ்சம் நிஜம், மீதி பயமுறுத்தல். இதப் பத்தி நிறைய ஆராய்ச்சி நடந்தது அமெரிக்காவுலதான். 1996ல ஹாரிஸ் கூப்பர்னு ஒருத்தரும் அவரோட சேர்ந்தவங்களும் அதுவரைக்கும் வந்த ஆய்வுகள எல்லாம் ஒண்ணா வச்சுப் பார்த்துட்டு, லீவு முடிஞ்சு வர்ற பிள்ளை சராசரியா ஒரு மாசப் பாடம் அளவுக்குப் பின்னாடி போயிருக்கு, அதுலயும் கணக்கு போடறதும் ஸ்பெல்லிங்கும்தான் ரொம்ப அடி வாங்குதுன்னு சொன்னாங்க. பிற்பாடு வேற சிலர் திரும்ப அலசிட்டு, எந்தப் பரீட்சைய வச்சு அளக்கறோமோ அதப் பொறுத்து இந்தக் கணக்கே மாறுதுன்னாங்க. சரி அத விடுங்க, ஜூன்ல கிளாஸுக்கு வர்ற பசங்ககிட்ட நான் பாக்கறது என்னன்னா, கதையா கேட்டதும் கையால செஞ்சு பார்த்ததும் அப்படியே இருக்கு, பழக்கத்துல நிக்கற விஷயங்கதான் துரு பிடிக்குது, அதாவது வாய்ப்பாடு, கடன் வாங்கிக் கழிக்கறது, வகுத்தல், றகர ரகர எழுத்துப் பிழை. நல்லா வாசிக்கற பிள்ளைக்கு ரெண்டே வாரத்துல எல்லாம் திரும்பி வந்துடும். ஏப்ரல்லயே தடுமாறிட்டு இருந்த பிள்ளைக்குத்தான் இந்த நாப்பது அம்பது நாள் கஷ்டம், அந்தப் பிள்ளைய மனசுல வச்சுத்தான் கீழ உள்ளதெல்லாம் எழுதறேன்.

ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் உக்கார வைக்கணும்? டைம்டேபிள் போட்டா ரெண்டு நாள்தான் ஓடுது.

ஸ்கெட்ச் பேனாவுல கலர் கலரா ஆறு மணிக்கு எழுந்திரின்னு ஆரம்பிக்கற டைம்டேபிள் எந்த வீட்லயும் ஓடினதில்ல, அத ஃபிரிட்ஜ்லேருந்து எடுத்துடுங்க. ஒண்ணு ரெண்டாவது பிள்ளைக்கு கால் மணி நேரம், மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் அரை மணி, அதுக்கு மேல முக்கால் மணி, அவ்ளோதான். ஆனா தெனமும். மணி பார்த்து வைக்காதீங்க, தெனம் நடக்கற ஒரு வேலையோட முடிச்சுப் போடுங்க, காலைல டிபன் சாப்ட்டு கை கழுவினதும்னு வச்சா தானா ஓடும். மத்தியானத்துக்குத் தள்ளினா கத்திரி வெயில்ல பிள்ளைக்கும் தூக்கம் உங்களுக்கும் தூக்கம். ஞாயித்துக்கிழமை லீவு விட்டுடுங்க, லீவுக்குள்ளயும் ஒரு லீவு வேணும்.

எதுல வீக்னே தெரியல. ரேங்க் கார்டுல எல்லாம் 'ஏ'தான் போட்டிருக்கு.

ரேங்க் கார்ட ஓரமா வச்சுட்டு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. பிரதம்னு ஒரு அமைப்பு 2005லேருந்து நாடு முழுக்க கிராமங்கள்ல வீடு வீடா போய் 'அசர்'னு ஒரு சர்வே எடுக்குது, அதுல கேக்கறது ரொம்ப சிம்பிள், அதையே நீங்களும் செய்யலாம். முதல்ல ரெண்டாம் வகுப்பு தமிழ்ப் புத்தகத்துலேருந்து பிள்ளை பார்க்காத ஒரு பத்தியக் குடுத்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. நிறுத்தி நிறுத்தி வாசிச்சாலும் வாக்கியமா வந்தா சரி. வரலையா, தனி வார்த்தை குடுங்க, அதுவும் வரலையா, தனி எழுத்து. கணக்குல ரெண்டு இலக்க எண்ணச் சொல்லச் சொல்லுங்க, அப்புறம் கடன் வாங்கற கழித்தல் ஒண்ணு, அப்புறம் மூணு இலக்கத்த ஒரு இலக்கத்தால வகுக்கற கணக்கு ஒண்ணு. எந்த இடத்துல நிக்குதோ அங்கதான் உங்க லீவு ஆரம்பிக்குது. ஆறாவது படிக்கற பிள்ளை ரெண்டாவது பத்தியில திணறினா கத்தாதீங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூப்ட்டு ஒப்பிட்டும் காட்டாதீங்க, அப்படி நிறைய பிள்ளைங்க இருக்காங்க. 2022 ஜூன்ல அரசுப் பள்ளிகள்ல எண்ணும் எழுத்தும் திட்டம் கொண்டு வந்ததே கொரோனாவுக்கு அப்புறம் கீழ் வகுப்புல இருந்த இந்த ஓட்டைய அடைக்கத்தான்.

பையன் நாலாவது முடிச்சுட்டான், தமிழ் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கிறான். என்ன பண்ண?

பெரும்பாலும் சிக்கல் உயிர்மெய்யிலதான். 'க' தெரியும், 'கா' தெரியும், கொம்பு வந்ததும் குழம்புது. 'கெ'க்கும் 'கே'க்கும் சுழி மட்டும்தான் வித்தியாசம், 'கொ'வுல முன்னாடி ஒரு கொம்பு பின்னாடி ஒரு கால், பிள்ளை கால மட்டும் பார்த்துட்டு 'கா'ன்னு வாசிச்சுடும். இதுக்காக 247 எழுத்தையும் முதல்லேருந்து எழுதச் சொல்றது தண்டனை, வேணாம். எந்த வரிசை தடுக்குதோ அத மட்டும் வச்சு வீட்ல இருக்கற வார்த்தையா சொல்லுங்க, கொடி, கோழி, கெண்டை, கேழ்வரகு, தெனம் நாலு.

அதோட ஒரு சின்னக் கதை எடுத்துக்கோங்க, பக்கத்துக்கு நாலு வரி இருக்கற மாதிரி. முதல் நாள் நீங்க வாசிங்க, அவன் விரல வரி மேல ஓட்டிட்டு வரட்டும். ரெண்டாம் நாள் ரெண்டு பேரும் சேர்ந்து வாசிங்க, அவன் நிக்கற இடத்துல நீங்க நிறுத்தாம மெதுவா சொல்லிட்டே போங்க. மூணாம் நாள் அவன் தனியா. ஒரே கதைய திரும்பத் திரும்ப வாசிச்சா மனப்பாடம் ஆயிடுமேன்னு கேப்பீங்க, ஆகட்டும், மனப்பாடமான வரி மேல விரல் ஓடும்போதுதான் எழுத்தும் சத்தமும் ஒட்டுது. தப்பா வாசிச்சா ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தாதீங்க, அர்த்தம் மாறினா மட்டும் திருத்துங்க. கதைக்குக் காசு செலவு பண்ண வேணாம், பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைங்க லெவல் பிரிச்சு இலவசமா இருக்கு, அரசுப் பள்ளிக்கு வாசிப்பு இயக்கத்துல வந்த நுழை, நட, ஓடு, பற புத்தகங்க இருந்தா அது இன்னும் அருமை, டீச்சர்கிட்ட லீவுக்கு நாலு புத்தகம் கேட்டு வாங்கிட்டு வாங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கழித்தல் கணக்கு எத்தன தடவ சொல்லிக் குடுத்தாலும் தப்பாதான் போடறா.

என்ன தப்புன்னு பார்த்தீங்களா? 52லேருந்து 37 கழிக்கச் சொன்னா 25ன்னு எழுதியிருப்பா. ஏன்னா ரெண்டுலேருந்து ஏழு போகாது, அதனால ஏழுலேருந்து ரெண்டக் கழிச்சுட்டா, அவ அளவுல அது நியாயமான யோசனைதான். "பக்கத்து வீட்ல கடன் வாங்கு"ன்னு நாம சொல்ற பாட்டு அவ காதுல விழுதே தவிர எதுக்கு வாங்கறோம்னு புரியல. நோட்ட மூடி வைங்க. அஞ்சு பத்து ரூபா நோட்டு, ரெண்டு ஒரு ரூபா காசு அவ கையில குடுங்க, நீங்க கடைக்காரம்மா, 37 ரூபா குடுன்னு கேளுங்க. மூணு நோட்டு குடுப்பா, அப்புறம் ஏழு காசுக்கு முழிப்பா, கையில ரெண்டுதான் இருக்கு. ஒரு பத்து ரூபாய சில்லறை மாத்தித் தாங்கன்னு அவளே கேக்கற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. மாத்தினதும் பன்னெண்டு காசு, ஏழு குடுத்தா அஞ்சு, மிச்சம் ஒரு நோட்டு, 15 ரூபா. ஒரு வாரம் காசுல விளையாடிட்டு அப்புறமா நோட்டுல எழுதச் சொல்லுங்க, மேல அடிச்சு அடிச்சு எழுதறோமே அது எதுக்குன்னு அவளே உங்களுக்குச் சொல்வா.

வாய்ப்பாடு?

மனப்பாடம் வேணும், அதுல எனக்கு வேற கருத்து இல்ல. ஆனா நூறு தடவ எழுத வைக்கறது வேலைக்காகாது, வண்டியில போகும்போது குறுக்க கேளுங்க, ஏழு எட்டு எவ்ளோ, ஆறு ஒம்பது எவ்ளோன்னு. அஞ்சாவது முடிச்ச பிள்ளைக்கு பத்து வரைக்கும் சட்டுனு வந்தா போதும், பதினாறுக்கு அவசரமில்ல.

அடுத்த கிளாஸ் புக்க இப்பவே முடிச்சுட்டா ஜூன்ல ஈஸியா இருக்காதா?

இருக்காது. ஏற்கெனவே கேட்டதுன்னு கிளாஸ்ல கவனிக்காது, அரைகுறையா புரிஞ்சதே முழுசுன்னு நினைச்சுக்கும். போன வருஷ ஓட்டைய அடைக்காம அடுத்த மாடி கட்டறதுல எனக்கு நம்பிக்கையே இல்ல. அடுத்த வருஷப் புத்தகத்துல படம் பார்க்கட்டும், தமிழ்ப் புத்தகத்துல கதை வாசிக்கட்டும், அதுக்கு மேல வேணாம். சிபிஎஸ்இ பசங்களுக்குப் பல ஸ்கூல்ல ஏப்ரல்லயே புது வகுப்பு ஆரம்பிச்சு மே மாசத்துல லீவு விடறாங்க, அவங்க நடத்தின ஒண்ணு ரெண்டு பாடத்த மட்டும் தொட்டு வச்சா சரி.

ஹாலிடே ஹோம்வொர்க்னு சார்ட், மாடல், நாப்பது பக்கம் எழுத்து குடுத்திருக்காங்க.

தெர்மாகோல் மாடல் செய்யறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும், ஸ்டேஷனரிக் கடைக்காரரும் அப்பாவும்தான். ஒண்ணு ரெண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே குடுக்கக் கூடாதுன்னு 2018ல சென்னை ஹைகோர்ட் சொல்லியிருக்கு, அதனால அந்த வயசுப் பிள்ளை எழுதலைன்னா மனசு உறுத்த வேணாம். பெரிய பசங்களுக்கு எழுத்து வேலையப் பிரிச்சு தெனம் ஒரு பக்கம், மே கடைசி வாரத்துல ராத்திரி பதினோரு மணிக்கு அழுதுட்டே எழுதறது மட்டும் வேணாம். மாடல் சுமாரா இருந்தாலும் பிள்ளையே செஞ்சதா இருக்கட்டும்.

எனக்கே இங்கிலீஷ் தெரியாது, பிள்ளைக்கு எப்படி சொல்லித் தர?

சொல்லித் தர வேணாம், கேளுங்க. அவ வாசிக்கட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து "இந்த வரிக்கு என்ன அர்த்தம், எனக்குச் சொல்லு"ன்னு தமிழ்ல கேளுங்க, அத சொல்றதுக்காகவே அவ இன்னொரு தடவ வாசிப்பா. ஒரே கதை தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருந்தா முதல்ல தமிழ வாசிச்சுட்டு அப்புறம் இங்கிலீஷ், கதை தெரிஞ்சதால பாதி வார்த்தை தானா புரியும். முப்பது நாள்ல ஸ்போக்கன் இங்கிலீஷ்னு போர்டு வச்சிருக்கறவங்க பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

போன்தான் பெரிய தலைவலி. பிடுங்கினா அழறான், குடுத்தா நாள் பூரா அதான்.

அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் கூடாது, ஒரு வயசுப் பிள்ளைக்கு சுத்தமா வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லிடுச்சு. பெரிய பசங்களுக்கு நிமிஷக் கணக்கு சண்டையில முடியும், இடக் கணக்கு வைங்க, ஹால்ல மட்டும், சாப்பிடறப்போ இல்ல, படுக்கையில இல்ல. அது நமக்கும் சேர்த்துதான், நாம ரீல்ஸ் தள்ளிட்டே பிள்ளையப் படின்னு சொன்னா எடுபடாது. பாடம் சம்பந்தமா வேணும்னா பள்ளிக்கல்வித் துறையோட மணற்கேணி செயலியில தமிழ்லயே வீடியோ பாடங்க இருக்கு, ஒண்ணு பார்த்துட்டு போன வச்சுட்டு அத எனக்குச் சொல்லுன்னு கேளுங்க.

அப்புறம் ஐபிஎல். லீவும் அதுவும் ஒண்ணா வருது, பிள்ளைய டிவியிலேருந்து பிரிக்க முடியாது, அப்போ பேப்பரும் பேனாவும் கையில குடுத்துடுங்க. 30 பந்துல 54 ரன் வேணும், ஓவருக்கு எவ்ளோ? ஏழாவது எட்டாவது பையனுக்கு இன்னும் ஒண்ணு இருக்கு. 17.3 ஓவர்ல 140 ரன், ரன் ரேட் என்னன்னு கேளுங்க. கால்குலேட்டர்ல 17.3ன்னு அப்படியே அடிச்சா 8.09 வரும், ஆனா சரியான விடை 8. ஏன்னா அந்தப் புள்ளிக்குப் பின்னாடி இருக்கற மூணு, பத்துல மூணு இல்ல, ஆறுல மூணு, அதாவது அரை ஓவர், 17.5ன்னு போடணும். தசம பின்னம் ஒரு வருஷம் நடத்தியும் ஏறாத பையனுக்கு இதுல ஏறும்.

லீவு பூரா ஊர்ல பாட்டி வீட்ல விட்டுடலாமா, படிப்பு போயிடாதா?

தாராளமா விடுங்க. பையில ஒரு நோட்டு, நாலு கதைப் புத்தகம் போட்டு அனுப்புங்க, மிச்சத்த ஊர் பார்த்துக்கும். பின்னம் சொல்லித் தர பாட்டியோட படி, உழக்கு, ஆழாக்க விட நல்ல சாமான் எங்கயும் கிடைக்காது. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி, அப்போ ஒரு ஆழாக்கு படியில எட்டுல ஒரு பங்கு. அரிசிய அளந்து கொட்டிப் பார்க்கச் சொல்லுங்க, கால் பெருசா அரைக்கால் பெருசாங்கறது கைக்கே தெரியும். எட்டு நாலவிடப் பெருசு, அதனால எட்டுல ஒண்ணுதான் பெருசுன்னு அடம் பிடிக்கற பிள்ளைங்கள வருஷா வருஷம் பாக்கறேன், அதெல்லாம் அங்க சரியாயிடும்.

மாடியில வத்தல் காயப் போடறாங்களா, ஒரு தட்டு வத்தல தனியா வச்சு தெனம் சாயங்காலம் தராசுல போட்டு எடை எழுதச் சொல்லுங்க. முதல் நாள் மடமடன்னு குறையும், அப்புறம் மெதுவா, ஒரு நாள் குறையறது நின்னுடும். அத கட்டம் போட்ட பேப்பர்ல புள்ளி வச்சுச் சேர்த்தா அதுதான் கிராஃப். ராத்திரி தாயம் விளையாடினா ஏன் தாயம் விழவே மாட்டேங்குதுன்னு ஒரு கேள்வி வரும், ஒரு கட்டைக்கு 0, 1, 2, 3ன்னு நாலு பக்கம், ரெண்டு கட்டையிலயும் என்னென்ன சேர்ந்து விழலாம்னு எழுதிப் பார்க்கச் சொல்லுங்க, மொத்தம் பதினாறு விதம், அதுல கூட்டி ஒண்ணு, அதாவது தாயம், வர்றது ரெண்டே விதம்.

ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், கிணறு, குளம், வாய்க்கால் பக்கம் பெரியவங்க இல்லாம விடாதீங்க. வருஷா வருஷம் இந்த ரெண்டு மாசத்துலதான் அந்தச் செய்தி வருது. நீச்சல் தெரிஞ்ச மாமா சித்தப்பா இருந்தா இடுப்புல கயிறு கட்டி கத்துக் குடுக்கச் சொல்லுங்க, எந்தப் பாடத்தையும் விட அது முக்கியம்.

அறிவியல் வீட்ல செய்ய என்ன இருக்கு? கிட் எல்லாம் ஆயிரக்கணக்குல விலை.

மே மாச வெயில் ஒண்ணு போதும். மத்தியான நிழல் எந்தப் பக்கம் விழும்னு பிள்ளைகிட்ட கேளுங்க. வருஷத்துல பாதிக்கு மேல நம்ம ஊர்ல அது வடக்க விழும். ஆனா ஏப்ரல்ல சூரியன் நம்ம தலைக்கு நேரா வந்துட்டு அப்படியே வடக்க நகர்ந்துடுது, கன்னியாகுமரியில 10ஆம் தேதி வாக்குல, மதுரையில 16 வாக்குல, சென்னையில 24 வாக்குல, அன்னிக்கு உச்சி வேளையில நட்டு வச்ச குச்சிக்கு நிழலே இருக்காது. அதுக்கப்புறம் மே பூரா மத்தியான நிழல் தெற்கப் பார்த்து விழும், இது பெரியவங்களுக்கே தெரியறதில்ல. மே நடுவுல சென்னையில ஒரு அடி ஸ்கேல நிமித்தி வச்சா நிழல் மூணு சென்டிமீட்டர் வாக்குலதான். உச்சி வேளை பன்னெண்டு மணிக்கு இல்லைங்கறதயும் அப்படியே பார்க்கலாம், சென்னையில 12.05 வாக்குல வரும், கோயம்புத்தூர்ல 12.18 வாக்குல, ஏன்னா அது மேற்க இருக்கு. அத்தை வீடு அங்க இருந்தா ரெண்டு பிள்ளைங்களும் போன்ல பேசிக்கிட்டே அளக்கட்டும். பால்கனியிலயோ வாசல்லயோ ரெண்டு நிமிஷ வேலை, தலையில தொப்பி போட்டு அனுப்புங்க.

இன்னொண்ணு ஈபி மீட்டர். தெனம் காலைல ஒரே நேரத்துக்கு ரீடிங் எழுதி நேத்தையதக் கழிக்கட்டும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், 75 வாட் ஃபேன் பதிமூணு மணி நேரத்துக்கு மேல ஓடினாத்தான் ஒரு யூனிட், ஏசி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே அதத் தாண்டிடும். ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அது நம்ம வீட்ல எத்தனாவது நாள்ல தீருதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னா அப்புறம் உங்க வீட்ல லைட் அணைக்கறதுக்கு ஆள் கிடைச்சாச்சு. பழைய சாமான வச்சு விளையாட்டுச் சாமான் செய்யணும்னா அரவிந்த் குப்தாவோட தளத்துல நூத்துக்கணக்குல இருக்கு, எல்லாம் இலவசம்.

லைப்ரரிக்குப் போனா பிள்ளைக்குப் புத்தகம் கிடைக்குமா?

சென்னையில கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துலயும் மதுரையில 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துலயும் பிள்ளைங்களுக்குன்னே தனிப் பகுதி இருக்கு, ஒரு நாள் பூரா ஓடிடும், ஏசி வேற. மத்த ஊர்ல மாவட்ட மைய நூலகம், இல்லைன்னா தெருமுனை கிளை நூலகம், அங்க பெரும்பாலும் வெள்ளிக்கிழமை லீவு, பார்த்துட்டுப் போங்க. வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டறோம், அதனால ஓசியில போறதா நினைக்காதீங்க. பிள்ளை எடுக்கற புத்தகத்த எடுக்க விடுங்க, பொது அறிவுப் புத்தகத்த நீங்க திணிச்சா அதோட லைப்ரரியே கசந்துடும்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், வர்றதே ஏழு மணி.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கால் மணி நேரம் வாசிப்பு, அவ்ளோதான் நீங்க செய்ய வேண்டியது. பகல்ல ஒரு வேலை குடுத்துட்டுப் போங்க, ஆனா நோட்டு வேலையா இல்லாம வீட்டு வேலையா குடுங்க, வெங்காயம் வாங்கிட்டு வந்து மீதி கணக்கு எழுதி வை, தாத்தாவுக்குப் பேப்பர்ல ரெண்டு செய்தி வாசிச்சுக் காட்டுன்னு. தாத்தாவுக்குக் கண்ணு நல்லாவே தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி நடிக்கச் சொல்லிடுங்க.

சம்மர் கேம்ப், அபாகஸ் எல்லாம்?

பிள்ளை கேட்டா சேருங்க, பக்கத்து ஃபிளாட்ல சேர்த்துட்டாங்கன்னு சேர்க்காதீங்க. அபாகஸ்ல கூட்டல் வேகமா வரும், வார்த்தையில வர்ற கணக்கு புரியறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் குறைச்சல். ஒண்ணு மட்டும் போதும், மூணு வேணாம்.

"போர் அடிக்குது"ன்னு உயிர எடுக்கறாங்க.

அடிக்கட்டும், அரை மணி பொறுங்க, எதையாவது தானா ஆரம்பிப்பாங்க. வீடு குப்பையாகும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

எவ்ளோ சொன்னாலும் எழுத்து ஏறல, பிள்ளைக்கு ஏதாவது பிரச்சனையா இருக்குமோ?

முதல்ல கண்ண செக் பண்ணுங்க, லீவுல அதுக்கு நேரம் இருக்கு, போர்டுல எழுதினது தெரியாமலே வருஷத்த ஓட்டின பிள்ளைங்க நிறைய. காதையும் பார்த்துடுங்க. ரெண்டும் சரியா இருந்து, மூணாவது நாலாவது முடிச்சும் தெனம் வாசிச்சும் எழுத்து சேரவே மாட்டேங்குதுன்னா சோம்பேறின்னு பட்டம் கட்டாம குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க.

ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி என்ன தயார் பண்ணணும்?

கடைசி ஒரு வாரம் தூக்கத்த மட்டும் சரி பண்ணுங்க, ராத்திரி பன்னெண்டு மணி வரை முழிச்சிருந்த பிள்ளைய தெனம் அரை மணி அரை மணியா முன்னாடி நகர்த்துங்க. தேதிய மட்டும் நம்பி இருக்காதீங்க, வெயில்னு தள்ளிப் போகும், 2023ல ஜூன் 12, சின்ன வகுப்புக்கு 14ன்னு போச்சு, 2024ல 10. தள்ளிப் போனா அந்தக் கால் மணி வாசிப்பு மட்டும் அப்படியே ஓடட்டும். ஷூ பத்துதான்னு இப்பவே போட்டுப் பாருங்க, கண்டிப்பா பத்தாது.